பாவு முளைக்கு அடியில்

“மண்ணுக்குள்ள கெடக்கறத உன் மெஷினு சொல்லிடும்னே வெச்சிக்கலாம்மா. உங்கம்மா எடுக்கலன்னு அது சொல்லுமா?”

அந்த வீட்டுக்காரர் இதைக் கேட்டபோது வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். மூன்று தறி வைத்திருக்கும் நெசவாளர் அவர். அவர் கோபப்பட்டுக் கேட்கவில்லை. வெற்றிலையை மென்றுகொண்டு, சின்னப் பிள்ளைக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பதுபோல் நிதானமாகக் கேட்டார். நின்றவர்கள் சிரித்தார்கள். கோபமாகக் கேட்டிருந்தால் நான் அதை அன்றே மறந்திருப்பேன்.

அந்த வீட்டு வாசலைப் பதினொரு வருடமாக என் அம்மா பெருக்கினார். பாத்திரம் தேய்த்தார், தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். இப்போது அந்த வீட்டு அம்மாவின் சிவப்புக் கல் மோதிரத்தைத் திருடியவர் என்று பெயர் வாங்கியிருந்தார்.

நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். தாமல் ஏரித் தண்ணீர் பாயும் வயல்களில் அடுத்தவர்களுக்காக நாற்று நட்டவர்கள் எங்கள் ஆட்கள். இதை நான் யாரிடமும் குரலைத் தாழ்த்திச் சொல்வதில்லை. குடிநீர்க் குழாய் வேலை எடுத்துச் செய்யும் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் இப்போது வேலை பார்க்கிறேன். சாலை போடும்போதெல்லாம் குழாய் வால்வுகளின் இரும்பு மூடிகள்மேல் தாரையோ சிமென்டையோ ஊற்றி மூடிவிட்டுப் போய்விடுவார்கள். பிறகு குழாய் உடைந்து தெருவில் ஆறு ஓடும்போது, மூடி எங்கே என்று யாருக்கும் தெரியாது. மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு நான் போவேன். கைப்பிடி, நீளமான தண்டு, அதன் முனையில் தட்டுபோல ஒரு வட்டம். ஐந்து நிமிடத்தில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டுக் கொடுப்பேன். தோண்டுகிறவர்கள் முதல் மாதம் என்னை நம்பவில்லை. இரண்டாவது மாதம் நான் வட்டம் போடும் முன்பே கடப்பாரையோடு வந்து நிற்கத் தொடங்கினார்கள்.

மோதிரம் தொலைந்தது ஒரு திங்கட்கிழமை. அன்று அந்தத் தெருவில் பாவு போட்டார்கள். புடவையின் நீளவாக்கில் ஓடும் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு விரித்து, இரண்டு முனையிலும் இழுத்துக் கட்டி, அறுந்ததைப் பிணைத்து, சரிசெய்து சுருட்டுவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். கயிற்றைக் கட்டுவதற்குத் தெருவின் ஒவ்வொரு முனையிலும் ஒரு இரும்பு முளை உண்டு; அந்த வீட்டுப் பக்கத்து முளை வீட்டுக்காரருடையது. சிமென்ட் சாலை போட வந்தபோதுகூட, முளைக்கென்று முனைக்கொரு முழம் மண்ணை விட்டுவைக்கச் சொல்லிச் சண்டை போட்ட தெரு அது.

பாவைத் தொடும் பெண்கள் முதலில் மோதிரத்தைக் கழற்றிவிடுவார்கள். கல்லின் ஓரம் உரசினால் பட்டு பிசிறு தட்டும். அன்று ஐந்து பெண்கள் மோதிரம் கழற்றினார்கள். அம்மா கழற்றவில்லை. அம்மாவுக்கு மோதிரம் கிடையாது, பாவைத் தொடும் வேலையும் கிடையாது. தொடாதே என்று யாரும் சொன்னதில்லை. சொல்லத் தேவையில்லாத அளவுக்கு எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. தெருவைக் கூட்டி, குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைப்பதோடு அம்மாவின் வேலை முடிந்தது.

பாவு சுருட்டியபின் நான்கு பெண்கள் மோதிரத்தைப் போட்டுக்கொண்டார்கள். வீட்டுக்காரரின் மனைவியுடையது மட்டும் இல்லை. சன்னல் விளிம்பில் வைத்தேன் என்றார். சன்னலுக்குக் கீழே கூட்டியது யார் என்று கேட்டார்கள். அவ்வளவுதான் விசாரணை.

செவ்வாய்க்கிழமை நான் கூரம் பக்கம் குழாய் வேலையில் இருந்தேன். அம்மாவைக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போய், காலையிலிருந்து சாயங்காலம்வரை பெஞ்சுக்குப் பக்கத்தில் தரையில் உட்காரவைத்துவிட்டு, ஒரு தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டு அனுப்பியிருந்தார்கள். என்ன தாள் என்று கேட்டேன்.

“வந்துட்டு போனதுக்கு எழுதிக்கினாங்கமா” என்றார் அம்மா.

மறுநாள் நிலையத்துக்குப் போய் அதைக் காட்டச் சொன்னேன். எழுத்தர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“படிக்கத் தெரியுமா?”

“தெரியும்.”

வேறு பக்கம் பார்த்துக்கொண்டே தாளை நீட்டினார். மோதிரத்தை எடுத்தது நான்தான், எட்டு நாளில் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், தவறினால் நடவடிக்கைக்கு உட்படுகிறேன் என்று எழுதியிருந்தது. கீழே அம்மாவின் கட்டைவிரல். நாற்று நட்டு, பாத்திரம் தேய்த்து, ரேகையே பாதி அழிந்துபோன விரல். நகல் கேட்டேன். தரமுடியாது என்றார். அடுத்த செவ்வாய் கெடு. நான் ஒரே ஒரு விஷயத்தை முடிவுசெய்துகொண்டு வெளியே வந்தேன்: அந்தத் தாள் பொய் என்று அதே நிலையத்தில் எழுத்தில் பதிவாக வேண்டும். அதற்கு மோதிரம் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை டிடெக்டரோடு அந்த வாசலில் நின்றேன். வீட்டுக்காரர் கேட்ட கேள்விக்கு, “அது இரும்பா, தங்கமான்னு சொல்லும்ணா. மீதிய நான் சொல்லிக்கறேன்” என்றேன். ‘ஐயா’ என்று சொல்லாமல் ‘அண்ணா’ என்று நான் கூப்பிட்டது அவருக்குப் பிடிக்கவில்லை. என் அம்மா தன்னைவிடப் பதினைந்து வயது இளைய அவர் மனைவியை ‘அம்மா’ என்று கூப்பிட்டது எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை.

டிடெக்டர் மண்ணுக்குள் பார்ப்பதில்லை. அது மண்ணை உசுப்பிவிட்டுப் பதிலைக் கேட்கிறது. தட்டுக்குள் இரண்டு செம்புக் கம்பிச் சுருள்கள் இருக்கும். ஒன்றில் மின்சாரம் முன்னும் பின்னும் ஓடி, நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை மாறும் ஒரு காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்பும். கீழே உலோகம் கிடந்தால், அந்தப் புலம் பட்டு அதற்குள் சின்னச் சின்ன மின்சுழிகள் எழும். அந்தச் சுழிகளுக்கென்று ஒரு காந்தப்புலம் உண்டு. இரண்டாவது சுருள் கேட்பது அதைத்தான். பதில் எவ்வளவு பலமாக வருகிறது என்பதை வைத்து ஆழத்தையும் அளவையும் ஊகிக்கலாம். எவ்வளவு தாமதித்து வருகிறது என்பதை வைத்து என்ன உலோகம் என்று ஊகிக்கலாம். இரும்பு ஒருவிதமாகப் பதில் சொல்லும், கனமான வெள்ளியும் செம்பும் வேறுவிதமாகச் சொல்லும். அந்தத் தாமதத்தை டிடெக்டர் ஒரு எண்ணாக மாற்றித் திரையில் காட்டும். இரும்புக்குச் சின்ன எண். வெள்ளிக்குப் பெரிய எண். மெல்லிய தங்க மோதிரம் நடுவில் வரும். சிக்கல் என்னவென்றால், மாத்திரை அட்டையின் அலுமினியத் தாளும் அதே நடுவில்தான் வரும். டிடெக்டருக்கு விலை தெரியாது.

முதலில் தட்டை வெறும் மண்மேல் தூக்கி இறக்கி, அந்த மண்ணின் இரைச்சலுக்கு டிடெக்டரைப் பழக்கினேன். பிறகு தொலைந்தது மாதிரியே ஒரு மோதிரம் வேண்டும் என்று வீட்டுக்காரரின் மனைவியிடம் கேட்டேன். அதன் எண்ணைப் பார்த்துக்கொண்டால் தேடுவது சுலபம். அவர் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். எல்லோரும் பார்த்தார்கள். எதிர்வீட்டு அக்காதான், “இந்தாமா, என்னுது பாரு. கயிட்டறதுக்கு சோப்பு வேணும், விரலு தடிச்சிப்போச்சி” என்று விரலோடு நீட்டினார். ஐம்பத்திரண்டு காட்டியது.

அந்த மண்ணில் எங்கு தட்டை வைத்தாலும் இரும்புதான் கத்தியது. தறியின் ஆணி, ஊக்கு, சைக்கிள் போல்ட், துருப்பிடித்த கம்பித் துண்டு. காது வலித்தது. இரும்பு எண்கள் வந்தால் சத்தம் போடாதே என்று டிடெக்டரில் வைத்தேன். அப்படி வைக்க வசதி உண்டு, எல்லோரும் வைப்பார்கள். வேலையில் இரும்பைத் தவிர வேறெதையும் கேட்காத நான், அன்று இரும்பின் வாயை மட்டும் அடைத்தேன்.

ஐம்பதை ஒட்டி எண் வந்த இடத்தையெல்லாம் கொத்தினேன். மாத்திரை அட்டை, மாத்திரை அட்டை, சாக்லேட் தாள், மறுபடி மாத்திரை அட்டை.

“தெருவுக்கே சுகர்னு இன்னைக்குத்தான் தெரியுது” என்றார் எதிர்வீட்டு அக்கா.

ஒரு இடத்தில் எண்பத்தைந்து காட்டியது. தோண்டினால் குழந்தைக் கொலுசின் வெள்ளி மணி. “அது என் பேத்தியோடது” என்று இரண்டு பேர் ஒரே நேரத்தில் கை நீட்டினார்கள். இவர்களை யாரும் நிலையத்துக்குக் கூப்பிடவில்லை. மூன்றாவது ஆளான எதிர்வீட்டு அக்கா, “மணி என்னுது. ஆனா வோணாம். சண்டைல பாதி தெரு காலியாயிடும்” என்றதும் கூட்டம் அடங்கியது.

வீட்டுக்காரரின் மனைவி கல்யாணத்துக்குப் போய்வந்த பட்டுப்புடவையோடு என் தோளுக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார். டிடெக்டர் கீச்சிட்டது. சரிகையில் வெள்ளிக் கம்பி இருக்கிறது, தட்டுக்கு அருகில் வந்தால் அது பேசும்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்கக்கா. உங்க பொடவதான் கத்துது.”

“நல்ல சரிகைதான்னு மெஷினே சொல்லிடுச்சி” என்று வீட்டுக்காரர் சிரித்தார். தெருவும் சிரித்தது. அம்மா ஒரு தாளில் திருடியாகக் கிடக்கிறார், இவருக்குச் சரிகைக்குச் சான்றிதழ் கிடைத்த சந்தோஷம்.

வாசல், பின்கட்டு, குப்பைமேடு, சாக்கடை ஓரம், தெருவின் இரண்டு பக்க மண். பொழுது சாய்வதற்குள் எல்லாவற்றையும் முடித்தேன். மோதிரம் இல்லை.

“சரி, நாளைக்கு உங்கம்மாவ கொண்டாந்து குடுத்துட சொல்லு. புள்ள படிச்சிருக்குது, அசிங்கமா இருக்கும்” என்றார் வீட்டுக்காரர். அக்கறையோடுதான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். அன்று என்ன நடந்தது என்று முதலிலிருந்து, ஒன்றையும் விடாமல் சொல்லச் சொன்னேன். இதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். எனக்கு டிடெக்டர்மேல் இருந்த நம்பிக்கை அம்மாவின் கண்மேல் இல்லை. அந்த வெட்கமும் என் கோபத்தில் உண்டு.

“சன்னல்ல வெக்கலமா அவங்க. முந்தானைல முடிஞ்சிக்கினாங்க. நான் பாத்தேன்.”

“இத ஸ்டேஷன்ல சொன்னியா?”

“சொன்னேன். அப்போ நீ மோதிரத்தையே பாத்துக்கினு இருந்திருக்கன்னாரு அந்த சாரு. அதுக்கப்புறம் நான் வாயே தொறக்கல.”

அம்மா தானாகவே தொடர்ந்தார்.

“பாவு கட்டறதுக்கு முன்னாடி நம்ம பக்கத்து மொள சாஞ்சிருந்துச்சி. அவரு புடுங்கிட்டாரு. மண்ணு புடிக்கணும்னு அந்தம்மா சொம்புல தண்ணிய மோந்து குனிஞ்சி குழியில ஊத்தனாங்க. அவரு உடனே வெச்சி சம்மட்டியால அடிச்சிட்டாரு. அதுல இன்னா இருக்குது?”

அதில் எல்லாமே இருந்தது. முந்தானையில் முடிச்சு, முந்தானை தொங்கும்படி குனிந்த ஆள், கீழே வாய் திறந்த குழி. அந்த முளைப் பக்கமும் நான் தட்டை வீசிக்கொண்டு போயிருந்தேன். டிடெக்டர் ஒரு சத்தமும் போடவில்லை. இரும்பென்றால் பேசாதே என்று நான்தானே சொல்லியிருந்தேன். ஒரு முழ இரும்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தங்கம் கிடந்தால் அதன் மெல்லிய பதில் இரும்பின் பதிலில் அமுங்கிப்போகும். இதைப் பாடத்தில் படித்திருக்கிறேன், தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் முளை எப்போதும் அங்கே நிற்கும் பொருள். அது இருப்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால் அதற்கு அடியில் தேட யாருக்குமே தோன்றவில்லை, எனக்கும்தான்.

மறுநாள் திங்கள். அதே முளையில் அடுத்த பாவு. விடிந்ததும் போய் நின்றேன். முளையைப் பிடுங்க வேண்டும் என்றேன். “பாவு கட்டியிருக்கும்போது மொளைய அசைச்சா இழை மொத்தமும் தளந்துடும். பட்டுமா இது, கொடிக்கயிறு இல்ல” என்றார் வீட்டுக்காரர். அதில் நியாயம் இருந்தது. முடியும்வரை காத்திருந்தேன். மற்ற நான்கு பெண்களும் மோதிரத்தைக் கழற்றி முந்தானையில்தான் முடிந்தார்கள். வீட்டுக்காரரின் மனைவியும் தன் இன்னொரு மோதிரத்தை அப்படியே முடிந்தார். அவர் கை ஒருமுறைகூடச் சன்னல் பக்கம் போகவில்லை. கை தானாக முடிச்சைத்தான் போட்டது. அதைப் பார்த்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றேன்.

பாவைச் சுருட்டியதும் மறுபடி போனேன்.

“என் மொளைய யாரும் தொடக்கூடாது” என்றார் அவர்.

“வேணாம்ணா, நான் தொடல. போன திங்கக்கெழம இத அடிச்சது யாரு?”

“நான்தான்.”

“அதுக்கப்புறம் யாருனா புடுங்கினாங்களா?”

“எப்டி புடுங்குவாங்க? நான் அடிச்சா நான்தான் புடுங்கணும்.”

“அப்போ நீங்களே புடுங்குங்க. எனக்கும் அதான் வேணும்.”

எதிர்வீட்டு அக்காவிடம் என் போனைக் கொடுத்து, நிறுத்தாமல் வீடியோ எடுக்கச் சொன்னேன். “என் மூஞ்சி விழாதுல்ல?” என்று கேட்டுவிட்டுத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு எடுத்தார்.

வீட்டுக்காரர் முளையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பிடுங்கினார். அதைப் பத்தடி தள்ளி வைக்கச் சொன்னேன். குழிமேல் தட்டைப் பிடித்தேன். இந்தத் தடவை எதையும் அடைத்துவைக்கவில்லை. இன்னும் இரும்புதான் உறுமியது. துரு இறங்கிய மண் அப்படித்தான் பேசும். குழியின் சுவரைச் சுரண்டி, அந்தச் சிவந்த மண்ணை அந்த வீட்டு முறத்தில் அள்ளித் தள்ளிவைத்தேன். மறுபடி தட்டைப் பிடித்தேன். உறுமல் குறைந்து, அதன் அடியில் மெல்லிதாக இன்னொரு சத்தம். எண் நிலையாக நிற்கவில்லை. நாற்பத்தெட்டு, ஐம்பத்தைந்து, ஐம்பது. குச்சிபோல் இருக்கும் சின்ன டிடெக்டரை எடுத்துக் குழிக்குள் இறக்கினேன். அடியைத் தொட்டதும் அது என் கையில் அதிர்ந்தது.

“நீங்களே கைய விடுங்கண்ணா.”

அவர் மண்டியிட்டு, முழங்கைவரை விட்டு, ஒரு களிமண் உருண்டையை எடுத்தார். சொம்புத் தண்ணீரில் கழுவினார். முளையின் முனை குத்தி, புளியங்கொட்டைபோல் நசுங்கிய மோதிரம். கல் உடைந்திருந்தது. வளையத்தின் ஒரு பக்கம் முழுக்கத் துருக் கறை. இனி மன்னிப்புக் கேட்பார்கள் என்று நினைத்தேன்.

வீட்டுக்காரரின் மனைவி மோதிரத்தைப் பார்த்துக் கல் போச்சே என்று அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“இங்கதான் இருக்குதுன்னு உனுக்கு எப்டி தெரிஞ்சிது? உங்கம்மா சொன்னாளா?”

“சொன்னாங்க. நீங்க குனிஞ்சி தண்ணி ஊத்தனத பாத்தாங்க.”

“பாத்துட்டு இத்தினி நாளா ஏன் சொல்லல?”

எதிர்வீட்டு அக்காதான் போனை இறக்காமல் சொன்னார்: “சொன்னதுக்குத்தான கைநாட்டு வாங்கி அனுப்புனீங்க.”

“சரி சரி, விடும்மா. பொருளு கெடச்சிடுச்சி, அத்தோட போச்சி. உங்கம்மாவ நாளைக்கு வரச் சொல்லு. ஒரு வாரமா வாசலு குப்பையா கெடக்குது” என்றார் வீட்டுக்காரர்.

“அந்தத் தாளு?”

“அது ஸ்டேஷன்ல எந்த மூலையிலனா கெடக்கும். அத யாரு பாக்கப்போறா?”

குப்பையைக் கூட்ட அம்மா வேண்டும், பெயரைத் துடைக்க யாரும் வேண்டாம். பையிலிருந்து ஒரு தாளை எடுத்தேன். மோதிரம் என் முளையின் அடியில், நான் அடித்த இடத்திலிருந்து, என் கையால் எடுக்கப்பட்டது என்று, அவர் சொல்வதாக முதல்நாள் இரவே எழுதி வைத்திருந்தேன். தேதியும் நேரமும் மட்டும் நிரப்பினேன். கையெழுத்துப் போடச் சொன்னேன். அவர் மறுத்தார். போன் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதைக் காட்டினேன். போட்டார். அவர் கையெழுத்து கோணலாக இருந்தது. அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன், மறைக்கவில்லை.

நிலையத்தில் எழுத்தர் சிரித்தமுகமாக இருந்தார். “கெடச்சிடுச்சில்ல, அப்புறம் இன்னா? வேணும்னா உன் எதிருலயே கிழிச்சி போட்டுடறேன்.”

“கிழிக்காதீங்க சார். அது எனக்கு முழுசா வேணும்.”

அவர் சிரிப்பு நின்றது. எடுக்காத பொருளை எடுத்தேன் என்று, படிக்கத் தெரியாத ஒருவரிடம் வாசித்துக் காட்டாமல் கைநாட்டு வாங்கிய தாள் அது. கிழித்தால் வாங்கியதற்கே சாட்சி இருக்காது. வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டதை வாங்கிப் பதியவும் அவர் மறுத்தார். அன்று அவர் எனக்கு நாற்காலி போடவில்லை. நானும் கேட்கவில்லை.

அம்மா அந்த வீட்டுக்கு மறுபடி போகவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு, “அவங்க மொறத்த அங்கியே வெச்சிட்டு வந்துட்டியா?” என்று மட்டும் கேட்டார். வைத்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

வியாழக்கிழமை நான் ஒரு மனு எழுதினேன். முளையின் நீளம், குழியின் ஆழம், துருக் கறை எந்தப் பக்கம், டிடெக்டர் முதலில் ஏன் பேசவில்லை, பிறகு ஏன் பேசியது, யார் அடித்தார், யார் எடுத்தார், யார் பார்த்தார்கள், அம்மா நிலையத்தில் சொன்ன உண்மைக்கு என்ன பதில் கிடைத்தது, எல்லாம். அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை இரண்டு தடவை வாசித்தேன். ஒரு இடத்தில், “சாயங்காலம் வரைக்கும் இல்ல, வெளக்கு வெச்சப்புறம்தான் உட்டாங்க” என்று திருத்தினார். அடித்து எழுதினேன். அதற்குப் பிறகுதான் மைப்பெட்டியைத் திறந்தேன்.

வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்பு போட்டு, நிலையத்துக்கு மேலே இருக்கும் அதிகாரியின் அலுவலகத்தில் அதைக் கொடுத்தேன். வாங்கியவர், “பொருள் கெடச்சப்புறமும் இன்னாமா மனு?” என்றார். முதல் பக்கத்தைப் படித்ததும் முத்திரையை எடுத்தார். பெற்றுக்கொண்டதற்கான சீட்டு, எண்ணோடும் முத்திரையோடும், டிடெக்டர் பையின் மேலறையில் இருக்கிறது.